எடை குறைந்த கூடாரம் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் நடக்கக் கிளம்புகிற யாரிடம் பேசினாலும், பேச்சு கடைசியில் கூடாரத்தில்தான் வந்து நிற்கிறது. ஷூவையும் பையையும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கிவிடலாம். மழையிலும் காற்றிலும் ஓர் இரவு படுத்துப் பார்த்துவிட்டுக் கூடாரம் வாங்க யாருக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. பல ஆண்டுகளாக என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

1. லைட்வெயிட் டென்ட்னு சொல்றாங்களே, எத்தனை கிலோ இருந்தா லைட்வெயிட்?

எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. நடைமுறையில், ஒருவர் படுக்கும் கூடாரம் ஒன்றேகால் கிலோவுக்குள்ளும் இருவர் படுப்பது இரண்டு கிலோவுக்குள்ளும் இருந்தால் சுமந்து நடக்க ஏற்றது. தலைக்கு ஒரு கிலோ என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். தலைக்கு அரை கிலோ அளவுக்கு இறங்கிவிட்டால் அதை அல்ட்ராலைட் என்பார்கள். வண்டியில் எடுத்துப் போய் அடிக்கும் குடும்பக் கூடாரங்கள் நாலு ஐந்து கிலோவை எளிதாகத் தாண்டும். அவற்றை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டாம்.

2. ஒரே டென்ட்டுக்கு ரெண்டு எடை போட்டிருக்காங்க. எதை நம்புறது?

இரண்டுமே உண்மைதான், அளக்கும் பொருள்தான் வேறு. குறைந்தபட்ச எடை என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்கூடாரம் (படுக்கும் அறை), மேல்விரிப்பு (அதன் மேல் மூடும் மழைத்துணி), கம்பிகள் இந்த மூன்றை மட்டும் சேர்த்தது. முளைகள், இழுகயிறுகள், சுருட்டி வைக்கும் பைகள் எல்லாம் சேர்ந்தது மொத்த எடை. இரண்டுக்கும் நடுவே 150 முதல் 300 கிராம் வரை வித்தியாசம் வரும். முளை இல்லாமல் யாரும் கூடாரம் அடிக்கப் போவதில்லை என்பதால் மொத்த எடையையே பாருங்கள். ஒரு கூடாரத்தின் குறைந்தபட்ச எடையை இன்னொன்றின் மொத்த எடையோடு ஒப்பிட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய பேர்.

வாங்கியதும் வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஊன்றுகோலை வைத்து நிறுத்தும் வகைக் கூடாரங்களில் (8-வது கேள்வி) சில சமயம் முளைகூடப் பெட்டியில் இருக்காது. அதன் எடை கணக்கில் வராததால்தான் அது அவ்வளவு இலேசாகத் தெரிந்திருக்கும்.

3. அரை கிலோ கூடினா என்ன? அரை லிட்டர் தண்ணி எடை தானே? எதுக்கு இவ்ளோ கிராம் கணக்கு?

தண்ணீரைக் குடிக்கக் குடிக்க பை இலேசாகும். கூடாரம் புறப்பட்ட இடத்திலிருந்து திரும்பி வரும் வரை அதே எடையில் முதுகில் இருக்கும். மழையில் நனைந்தால் இன்னும் சில நூறு கிராம் ஏறும். பையில் அதிகம் கனப்பவை மூன்று: கூடாரம், படுக்கை, பை. இந்த மூன்றில் குறைக்கிற அரை கிலோவை, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தெல்லாம் பிடிக்க முடியாது. அதனால் கணக்குப் பார்ப்பதில் தவறே இல்லை.

ஆனால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அந்த எடையை எங்கிருந்து எடுத்தார்கள்? கூடாரம் சும்மா இலேசாவதில்லை. துணியை மெல்லியதாக்கியிருப்பார்கள், இல்லையென்றால் இடத்தைச் சுருக்கியிருப்பார்கள். ஒரு சுவரையோ, ஒரு வாசலையோ, கம்பிகளையோ எடுத்திருப்பார்கள். எடுத்தது உங்களுக்குத் தேவையில்லாத ஒன்று என்றால் அந்தக் கூடாரம் உங்களுக்கு நல்ல கூடாரம். நீங்கள் சந்திக்கப் போகிற இரவுக்குத் தேவையான ஒன்றை எடுத்திருந்தால், அது எத்தனை கிராம் இருந்தாலும் வீண் சுமைதான். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப் போவதில் பாதி, இந்த ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பதுதான்.

4. "2 பேர்"னு போட்டிருக்கு. நிஜமாவே ரெண்டு பேர் படுக்கலாமா?

படுக்கலாம், தோளோடு தோள் உரச. சாதாரணப் படுக்கைப் பாய் ஒன்று 51 செ.மீ. அகலம், அகலப் பாய் 64 செ.மீ. இருவர் கூடாரம் பலவற்றில் தலைமாட்டில் 130 செ.மீ. இருக்கும். இரண்டு அகலப் பாய் அங்கே இடித்துப் பிடித்து நுழைந்துவிடும். கால்மாட்டில் அதே கூடாரம் 107 செ.மீ. அளவுக்குக் குறுகியிருந்தால் ஒரு பாய் மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். எடையைக் குறைக்க இடத்தைச் சுருக்குவது என்றால் இதுதான். ஆகவே தலைமாடு, கால்மாடு என்று இரண்டு அகலத்தையும் தேடிப் பாருங்கள். தரைப் பரப்பளவு என்று ஒரே எண்ணை மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தனியாகப் போகிறவர்களில் பலர் இருவர் கூடாரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். முந்நூறு நானூறு கிராம் கூடும். மழை பெய்து நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தால் அந்த இடத்தின் அருமை புரியும். இரண்டு பேர் என்றால் இரண்டு பக்கமும் வாசல் இருப்பதை நான் வலியுறுத்துவேன். நடு இரவில் ஒருவர் வெளியே போக மற்றவர் மேல் ஏறித் தாண்டுவது முதல் நாள் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கும், நாலாம் நாள் சண்டையில் முடியும்.

5. நான் ஆறடி ரெண்டு அங்குலம். எந்த நீளம் எடுக்கணும்?

உங்கள் உயரம் 188 செ.மீ. கூடாரம் 215 செ.மீ. என்றால் மிச்சம் நிறைய இருப்பதாகத் தோன்றும். அதை நம்ப வேண்டாம். சுவர் சாய்வாக இறங்குகிறது. காற்றடைத்த பாய் உங்களைத் தரையிலிருந்து ஏழெட்டு செ.மீ. தூக்கிவிடுகிறது, அந்த உயரத்தில் நீளம் குறைவு. தூக்கப்பையின் கால்பகுதி வேறு பொம்மிக்கொண்டு நிற்கும். கால் ஈரச் சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் விடியும்போது தூக்கப்பை நனைந்திருக்கும். தரை நீளம் உங்கள் உயரத்தைவிட 35 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். அல்லது கால்மாட்டுச் சுவர் செங்குத்தாக எழும்பும் வடிவமாகப் பாருங்கள்.

உயரமானவர்கள் உச்சி உயரத்தையும் பார்க்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து, பாயின் உயரத்தையும் ஒரு பத்து செ.மீ.யையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரம் கூடாரத்தில் ஒரு புள்ளியில் மட்டும் இருக்கிறதா, தலைமாடு முழுக்க இருக்கிறதா என்பதையும் படத்தில் கவனியுங்கள்.

6. சிங்கிள் வால், டபுள் வால் ரெண்டுல எது நல்லது?

இரட்டைச் சுவர் என்றால் உள்ளே கொசுவலைத் துணியில் ஓர் அறை, அதற்கு மேலே மழை தடுக்கும் விரிப்பு, நடுவே காற்றுக்கு இடைவெளி. ஒற்றைச் சுவரில் அந்த மழைத்துணியே சுவரும் கூரையும். இங்கே எடை எங்கிருந்து போனது என்பது வெளிப்படை. போன சுவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்றால், மேல்விரிப்பின் உள்பக்கம் கோக்கும் நீர்த்துளி உங்கள் மேல் படாமல் காத்துக்கொண்டிருந்தது.

வறண்ட, காற்றோட்டமான இடங்களில் நடப்பவருக்கு ஒற்றைச் சுவர் தாராளமாகப் போதும். ஈரப்பதம் அதிகமுள்ள காடு, ஆற்றோரம், தொடர்மழை என்றால் இரட்டைச் சுவர்தான் நிம்மதி. முதல் கூடாரம் வாங்குகிறவருக்கு நான் எப்போதும் இரட்டைச் சுவரையே சொல்வேன்.

7. மழையே பெய்யல, ஆனா காலையில உள்ளே எல்லாம் ஈரம். டென்ட் ஒழுகுதா?

அநேகமாக இல்லை. அது உங்கள் மூச்சு. இரண்டு பேர் ஓர் இரவு முழுக்க விடும் மூச்சில் ஒரு டம்ளருக்குக் குறையாத தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. தெளிந்த வானத்துக்குக் கீழே மேல்விரிப்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக்கூடக் குளிரும். அந்தக் குளிர்ந்த துணியில் ஆவி பட்டால் துளியாகிறது. புல் மேல் பனித்துளி படிகிற அதே கதைதான். வெளியே காற்றே ஈரமாக இருந்தால், ஆளில்லாத கூடாரத்தின் உள்பக்கம்கூட நனையும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதை அடியோடு நிறுத்தும் கூடாரம் கிடையாது.

குறைக்கலாம். இடம் பார்ப்பதில்தான் முக்கால் பங்கு இருக்கிறது. பள்ளத்தில் அடிக்காதீர்கள், இரவில் குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். ஓடை, குளம், ஈரப்புல் இவற்றிலிருந்து தள்ளி, கொஞ்சம் மேட்டில் அடியுங்கள். மரக்கிளைகளுக்குக் கீழே துணி அவ்வளவு குளிராது, அங்கே ஈரம் குறைவு (மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு அடியுங்கள்). மழை இல்லையென்றால் வாசல் துணியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். குளிருகிறதே என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினால் ஈரம் கூடத்தான் செய்யும். நனைந்த சட்டையை உள்ளே காயப்போட வேண்டாம்.

மீதியைத் துடைத்துவிடலாம். உறிஞ்சும் துணித் துண்டு ஒன்றை எழுந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஒழுகலா, மூச்சு ஈரமா என்று சந்தேகம் வந்தால் எங்கே ஈரம் என்று பாருங்கள். சுவர் முழுக்கப் பரவலாக இருந்தால் மூச்சு. தையலோரம் ஒரே இடத்தில் சொட்டினால் ஒழுகல், 11-வது கேள்விக்குப் போங்கள்.

8. தானா நிக்கிற டென்ட் வாங்கணுமா, ட்ரெக்கிங் ஸ்டிக் வச்சு நிக்கிற மாதிரி வாங்கணுமா?

கம்பிகளை வளைத்து மாட்டினால் முளை அடிக்காமலே உருவம் பிடித்து நிற்பது தானாக நிற்கும் வகை. பாறைத் தளம், மரப்பலகை மேடை, இறுகிய தரை எங்கும் இதை நிறுத்தலாம். இடம் சரியில்லை என்றால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். உள்ளே விழுந்த மண்ணைக் கவிழ்த்து உதறலாம். கம்பிகள் மட்டும் சுமார் 400 கிராம் இருக்கும். தானாக நிற்கிறது என்பதற்காக முளை அடிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஆளும் பையும் உள்ளே இல்லாத கூடாரம் காற்றில் உருண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நடக்கும்போது கையில் வைத்திருக்கிற ஊன்றுகோலையே தூணாக நட்டு, முளையிலிருந்து கயிறு இழுத்து நிறுத்துவது இன்னொரு வகை. இங்கே எடுக்கப்பட்டது கம்பி. எப்படியும் ஊன்றுகோலோடு நடப்பவருக்கு இது உண்மையான லாபம், நூற்றுக்கணக்கான கிராம் இலவசமாகக் குறைகிறது. ஊன்றுகோல் பழக்கமே இல்லாதவர் அதற்காக ஒரு ஜோடி வாங்கிச் சுமந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத மடக்குக் கோல்கள் சில கூடாரங்களுக்குப் பொருந்தாது. கூடாரத்துக்கு எத்தனை செ.மீ. கோல் வேண்டும் என்று முன்கூட்டியே பாருங்கள்.

இந்த வகையில் முளைதான் உயிர். ஒரு முளை பிடுங்கிக்கொண்டால் கூடாரமே சரியும். மணலிலும் பாறையிலும் அடிக்கத் தெரிய வேண்டும், நல்ல சமதளமும் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. கற்றுக்கொள்ள முடியாத வித்தை இல்லை, ஐந்தாறு முறை அடித்தால் கை தானாகப் போகும். ஆனால் முதல் முறை அடிப்பது மழை இருட்டில் இருக்கக் கூடாது.

9. நைலான், பாலியெஸ்டர், டைனீமா... எந்தத் துணி எடுக்கிறது?

முதலில் டெனியர் என்ற எண். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். 15 டெனியர் துணியின் நூல் 9,000 மீட்டருக்கு 15 கிராம்தான், அவ்வளவு மெல்லியது. இலேசான கூடாரங்கள் பெரும்பாலும் 10 முதல் 30 டெனியருக்குள் இருக்கும். எண் குறையக் குறைய எடையும் குறையும், முள்ளுக்கும் கூர்ங்கல்லுக்கும் தாங்கும் தன்மையும் குறையும்.

நைலான் ஒரே எடையில் பாலியெஸ்டரைவிட வலுவானது, கிழிவதற்கு முன் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். அதன் குறை, ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடுவது. மாலையில் விறைப்பாகக் கட்டிய மேல்விரிப்பு இரவு மழைக்குப் பிறகு தொளதொளத்து உள்கூடாரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். படுக்கப் போவதற்கு முன் வெளியே போய் ஒரு முறை கயிற்றை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். பாலியெஸ்டர் அப்படித் தொய்யாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். முளையும் கயிறுமே எல்லாம் என்றிருக்கும் ஊன்றுகோல் கூடாரங்களுக்கு எனக்குப் பாலியெஸ்டர்தான் பிடிக்கும்.

டைனீமா கலவைத் துணி வேறு சாதி. மிக வலுவான பாலிஎத்திலீன் இழைகளை இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் படலங்களுக்கு நடுவே வைத்து ஒட்டியது. முன்பு க்யூபன் ஃபைபர் என்ற பெயரில் பந்தயப் பாய்மரப் படகுகளின் பாய்க்குப் பயன்பட்டது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம்தான். சிலிக்கோன் பூசிய நைலான் சாதாரணமாக அதைப் போல இரண்டு மடங்கு எடை. தண்ணீர் உறிஞ்சாது, தொய்யாது. விலை மிக அதிகம், உரசினால் சீக்கிரம் தேயும், மடித்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும், சூட்டுக்கு ஆகாது. ஆண்டில் பல வாரங்கள் நடப்பவருக்கு அந்தக் காசு நியாயம். ஆண்டுக்கு நாலு இரவு தங்குகிறவருக்கு அல்ல.

10. ஒண்ணுல 1,200 மி.மீ., இன்னொண்ணுல 3,000 மி.மீ.ன்னு இருக்கு. 3,000 தானே நல்லது?

அது துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம். துணி மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எந்த உயரத்தில் துணி கசியத் தொடங்குகிறதோ அதுதான் அந்த எண். கூரைக்கு 1,200 நல்ல துணியில் போதுமானது. தரைக்கு அப்படியல்ல. ஈர மண்ணில் நீங்கள் முழங்காலை ஊன்றும்போது முழு எடையும் ஒரு சிறு இடத்தில் இறங்குகிறது. அதனால் தரைத்துணிக்குக் கூடுதல் எண் இருப்பது நல்லது.

இந்த எண் புதுத்துணியில் அளந்தது என்பதையும் மறக்க வேண்டாம். வெயிலும் மடிப்பும் உரசலும் அதைக் குறைத்துக்கொண்டே வரும். பூச்சு எதனால் ஆனது என்பது எண்ணைவிட முக்கியம். சிலிக்கோன் பூச்சு நீண்ட நாள் உழைக்கும், துணி கிழியாமல் இருக்கவும் உதவும். பாலியூரிதேன் பூச்சு விலை குறைவு, ஆனால் ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும்.

11. தையலுக்குப் பசை தடவணும்னு சொல்றாங்க. புது டென்ட்டுக்குமா?

துணியைப் பொறுத்தது. பாலியூரிதேன் பூசிய பக்கத்தில் தையல் மேல் பட்டை ஒட்டி அனுப்பியிருப்பார்கள், ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணியில் அந்தப் பட்டை ஒட்டாது. சில தயாரிப்பாளர்கள் தாங்களே பசை தடவித் தருவார்கள், சிலர் அதை உங்களிடம் விட்டுவிடுவார்கள். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சிலிக்கோனுக்குச் சிலிக்கோன் பசைதான் பிடிக்கும், பாலியூரிதேனுக்கான பசை உரிந்து வந்துவிடும். கூடாரத்தை விறைப்பாக அடித்து, தையலோரமாகத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் காய விட வேண்டும். ஒரு பிற்பகல் வேலை.

12. கம்பி அலுமினியமா, கார்பனா?

அலுமினியம். கார்பன் இன்னும் இலேசு, ஆனால் ஒடிந்தால் சிம்பு சிம்பாகப் பிளக்கும், துணியையும் கிழிக்கும். அலுமினியம் பெரும்பாலும் முதலில் வளையும். கூடாரத்தோடு விரல் நீளத்தில் ஒரு குழாய்த்துண்டு வந்திருக்கும், அதைத் தேவையில்லை என்று வீட்டில் விட்டுப் போகாதீர்கள். கம்பி முறிந்த இடத்தில் அதை நுழைத்து ஒட்டுப்பட்டை சுற்றினால் பயணம் முடியும் வரை தாங்கும். ஃபைபர்கிளாஸ் கம்பி கனமானது, சுமந்து நடக்க வேண்டாம்.

13. பாதுகாப்புக்கு ஃபோர் சீசன் டென்ட்டே வாங்கிடலாமா?

பனிப்பொழிவில் தங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும். அந்த வகை பனியின் பாரத்தையும் மலைமுகட்டுக் காற்றையும் தாங்கச் செய்தது. கம்பிகள் அதிகம், வலைத்துணி குறைவு, எடை கூடுதல். வெப்பமான இரவில் உள்ளே புழுங்கும், 7-ல் சொன்ன ஈரமும் கூடும். கூடாரம் உங்களைக் கதகதப்பாக வைக்கும் என்று நம்பி இதை வாங்குகிறவர்கள் உண்டு. கதகதப்பைத் தருவது தூக்கப்பையும் பாயும். குளிர்கிறது என்றால் அங்கே செலவு செய்யுங்கள்.

காற்று பற்றிய பயம் நியாயமானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி மேல் விழும் விசை நாலு மடங்காகும். மூன்று பருவக் கூடாரத்திலேயே (பனிக்காலம் தவிர மற்ற காலத்துக்கானது) காற்றுக்கு நிற்பதும் நிற்காததும் உண்டு. கயிறு கட்ட எத்தனை இடம் தந்திருக்கிறார்கள், மேல்விரிப்பின் ஓரம் தரை வரை இறங்குகிறதா, கம்பிகள் எத்தனை இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். பெரிய தட்டைச் சுவர் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். அடிக்கும்போது குறுகிய பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி அடியுங்கள்.

14. அடியில போடுற ஷீட் தனியா விக்கிறாங்க. கட்டாயம் வாங்கணுமா?

கட்டாயமில்லை. 150 முதல் 250 கிராம் கூடும். மெல்லிய தரைத்துணி, கல்லும் முள்ளுமான தரை என்றால் ஏதாவது ஒன்று போடுவது நல்லது. கூடாரத் தயாரிப்பாளரின் விரிப்புதான் வேண்டும் என்பதில்லை. கட்டட வேலையில் சுவருக்குள் போடும் டைவெக் தாளையோ, ஜன்னலுக்கு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையோ அளவாக வெட்டிப் போடலாம்.

அளவாக என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். விரிப்பு கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. சிறியதாக இருக்கட்டும். பெரிதாக இருக்கட்டுமே என்று நான் ஒரு முறை ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டேன். மேல்விரிப்பில் வழிந்த மழை முழுக்க அந்த ஓரத்தில் விழுந்து, விரிப்புக்கும் கூடாரத் தரைக்கும் நடுவே போய்த் தேங்கியது. நள்ளிரவில் முதுகுக்குக் கீழே தண்ணீர்ப் படுக்கை போல அசைந்தபோதுதான் விழித்தேன். அன்று தூக்கப்பை நனைந்து, மறுநாள் நடையை விட்டுவிட்டு இறங்க வேண்டியதாயிற்று.

15. கூட வந்த முளை குச்சி மாதிரி இருக்கே, போதுமா?

இறுகிய மண்ணில் போதும். கொக்கி மாதிரி வளைந்த மெல்லிய டைட்டானியம் முளை ஒன்று ஆறேழு கிராம்தான், கல்லிடுக்கில் நுழையும், ஆனால் பொலபொலவென்ற மண்ணில் பிடிக்காது. ஒய் வடிவ அலுமினிய முளை 10 முதல் 15 கிராம், பிடிமானம் நன்றாக இருக்கும். பாரம் விழும் நாலு மூலைக்கு ஒய் வடிவமும் மற்ற இடங்களுக்கு மெல்லியதுமாகக் கலந்து வைத்துக்கொள்ளலாம். உபரியாக ஒன்று இருக்கட்டும். மணலிலும் பனியிலும் இந்த முளைகள் செங்குத்தாக நிற்காது. கயிற்றைக் கல்லிலோ தடித்த குச்சியிலோ கட்டி, படுக்கை வாட்டில் புதைத்து மேலே மூடி மிதியுங்கள்.

16. மழையில வெளியே சமைக்க முடியலன்னா உள்ளே அடுப்பு வைக்கலாமா?

வைக்கக் கூடாது. இலேசான துணி நொடியில் உருகிப் பற்றிக்கொள்ளும். அதைவிட மோசமானது கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, நிறமில்லை, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும்போதே ஆளை முடித்துவிடும். வாசலுக்கு முன்னால் இருக்கும் தாழ்வாரத்தை நம்பியும் அடுப்பு மூட்ட வேண்டாம், அங்கே துணி இன்னும் கிட்டத்தில் இருக்கும். மழை நாளுக்கென்று சமைக்காமல் சாப்பிடக்கூடிய ஒரு வேளை உணவைப் பையில் வைத்திருங்கள்.

17. விலை குறைஞ்ச டென்ட்ல ஆரம்பிக்கலாமா? இல்ல டென்ட்டே இல்லாம தார்ப்பாய் போதுமா?

ஆரம்பிக்கலாம். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். தோளில் அவரே தைத்த ஒரு துணிப்பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. கூடாரமே எடுத்துப் போகவில்லை. அவரைப் போலச் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை, அந்தத் துணிவுக்குத் தனி அனுபவம் வேண்டும். நல்ல கூடாரம் வாங்கும் வரை நடக்கப் போகாமல் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

விலை குறைந்ததில் எடை கூடுதலாக இருப்பது பரவாயில்லை, மழை உள்ளே வருவதுதான் கூடாது. மேல்விரிப்பு தலையில் தொப்பி மாதிரி பாதி மட்டும் மூடுவதாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். தார்ப்பாய் மிக இலேசு, காற்றோட்டமும் உண்டு. கொசுவும் அட்டையும் உள்ள இடத்தில் தனியே வலை வேண்டும், காற்று திசை மாறினால் எழுந்து திருப்பிக் கட்டத் தெரிய வேண்டும். முதல் கூடாரத்தில் இருபது முப்பது இரவு படுத்த பிறகு தார்ப்பாய்க்கு வாருங்கள்.

18. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? எதைப் பார்க்கணும்?

தாராளமாக. கையில் எடுத்ததும் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வீசி, துணி ஒன்றோடொன்று ஒட்டினால் 10-ல் சொன்ன பூச்சு போய்விட்டது, அதைச் சரிசெய்ய முடியாது. கருப்புப் புள்ளிகள் பூஞ்சை. தரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடுங்கள். ஒன்றிரண்டு சின்ன ஓட்டைக்கு ஒட்டுப்பட்டை போதும். மேல்விரிப்பு நிறம் மங்கி, ஓரத்தை லேசாக இழுத்தாலே நைந்தால் வெயில் தின்றுவிட்டது. ஜிப்பை வளைவான இடங்களில் ஓட்டிப் பாருங்கள். கம்பியின் ஒவ்வொரு மூட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

19. நல்லா பார்த்துக்கிட்டா எத்தனை வருஷம் வரும்?

ஆண்டுக் கணக்கைவிட வெயில் கணக்குதான் பொருந்தும். பகல் முழுக்க வெயிலில் நிற்கும் கூடாரம் மழையில் கெடுவதைவிட வேகமாகக் கெடும். காலையில் கழற்றிவிடுங்கள், முடிந்தால் நிழலில் அடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் களைப்போடு களைப்பாக அதை வெளியே எடுத்து விரித்துக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வைக்கலாம், அதன் சின்னப் பையில் திணித்து வைக்க வேண்டியதில்லை. அழுக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாஷிங் மெஷினும் சலவைத்தூளும் பூச்சைக் கெடுத்துவிடும்.

20. எல்லாம் படிச்சாச்சு. இப்போ கையில ரெண்டு இருக்கு: ஒண்ணு 900 கிராம், ஒத்தைச் சுவர், ஸ்டிக் வச்சு நிக்கிறது. இன்னொண்ணு ஒன்றரை கிலோ, ரெட்டைச் சுவர், தானா நிக்கும். ரெண்டுமே ரெண்டு பேருக்கு. எது?

இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அடுத்த ஓராண்டில் எங்கே எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள், அதில் எந்த இரவு மோசமாக இருக்கும் என்பதுதான். புயலில் சிக்கினால் என்ற கற்பனை வேண்டாம். நிஜமாக வரக்கூடிய மோசமான இரவு. நாலு மணி நேரம் விடாத மழை, அல்லது முளை இறங்காத பாறை, அல்லது காற்றே அசையாத ஈரக்காடு. 600 கிராமுக்காக விட்டுக்கொடுத்த உள்சுவரும் கம்பியும் அந்த இரவில் தேவைப்படுமா என்று பாருங்கள். இரண்டு பேர் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் மேல்விரிப்பும் மற்றவர் உள்கூடாரமும் கம்பியுமாகப் பிரித்துச் சுமந்தால் அந்த ஒன்றரை கிலோ தலைக்கு 750 கிராம்தான், வித்தியாசம் ஒருவருக்கு 300 கிராமாகச் சுருங்கிவிடும்.

இருவரும் ஊன்றுகோலோடு நடப்பவர்கள், நாளொன்றுக்கு 25 கி.மீ. கடப்பவர்கள், திறந்த வறண்ட மலையில் போகிறவர்கள் என்றால் 900 கிராமை எடுங்கள். வார இறுதியில் காட்டுப் பாதையில் போகிறவர்கள், கூட வருபவர் முதல் முறை வருகிறார் என்றால் ஒன்றரை கிலோவை எடுங்கள். எதை எடுத்தாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ அடித்து, மேலே அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு உள்ளே போய்ப் படுங்கள். எந்தத் தையல் கசிகிறது, கால் எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும்.